மாப்பிள்ளையின் முன்பற்கள்

முதற்கண் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் பிறர் எழுதிய பத்திரங்களைச் சரிபார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். சொந்தமாக எழுதியவை விடுப்பு விண்ணப்பங்கள் மட்டுமே; அவற்றிலும் சில திருப்பி அனுப்பப்பட்டன. அப்படிப்பட்ட ஒருவன் கதை எழுத முன்வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை அறிவேன். எனினும் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு செய்தி சங்கரன்கோவிலில் இப்போது பல வடிவங்களில் உலவுகிறது. அவற்றுள் ஒன்றில் நான் பல் மருத்துவரைக் கை நீட்டி அடித்ததாகவும் வருகிறதாம். நான் இதுவரை கொசுவைத் தவிர யாரையும் அடித்ததில்லை. ஆகவே, நடந்ததை நடந்தவாறு எழுதிவிடுவதே நல்லது என்று துணிந்தேன். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

என் ஒரே மகள் சுபலட்சுமியின் கணவர் ஆனந்த்சங்கர். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் பணியாற்றுகிறார். மிகவும் எச்சரிக்கையானவர். உப்புப் பொட்டலத்தைக்கூடக் காலாவதித் தேதி பார்த்துத்தான் வாங்குவார். எங்கள் வீட்டுக்கு வந்தால், அமரும் முன் மின்விசிறியை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்.

கல்லூரி நாளில் கிரிக்கெட் பந்து பட்டு அவருக்கு மேல்வரிசையின் நடுப்பல் ஒன்று போய்விட்டது. அதன் இருபுறப் பற்களையும் தேய்த்து, மூன்று பற்கள் சேர்ந்த ஒரே துண்டாக ஒரு செயற்கைப் பல்வரிசையை அப்போது மாட்டியிருந்தார்கள். மருத்துவர்கள் அதைப் பிரிட்ஜ் என்கிறார்கள். சென்ற ஆண்டு அதில் கீறல் விழுந்தது. அங்குள்ள மருத்துவர் அதைப் பசை வைத்து ஒட்டிவிட்டு, வெகுநாள் தாங்காது, புதிதாகச் செய்ய வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையும் குறிப்பிட்டார். அதை ரூபாயாக மாற்றி என் மனைவி முத்துமீனாளிடம் சொல்வதற்கு முன் நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

அதே சமயத்தில் அவருடைய அலுவலகத்தில் ஒரு பெரிய பதவி காலியானது. ஒரு குழுவையே தலைமை தாங்கி நடத்தும் பதவி. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்துவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போது முன்பல் கழன்று மேசையில் விழுந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தில் அவருக்குத் தூக்கம் போயிற்று. தேர்வுக்கு முன் உறுதியான பற்கள் வேண்டும். இதுதான் விஷயம்.

மெல்போர்னில் அவருடன் பணிபுரிபவர்கள் பல்லுக்காகப் பாங்காக் போய் வருகிறார்களாம். சிலர் வியட்நாம் போகிறார்களாம். ஆனந்த்சங்கர் வழக்கம்போல ஒரு ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தார். பாங்காக், ஹோசிமின் நகரம், சங்கரன்கோவில் என்று மூன்று தலைப்புகள். எங்கள் ஊர்ப் பெயர் இத்தகைய வரிசையில் இடம்பெற்றது அதுவே முதல்முறை என நினைக்கிறேன். உணவு, உறைவிடம் என்ற பிரிவில் நாங்கள் முதலிடம் பெற்றோம். பாதுகாப்பு என்ற கட்டத்தில் எங்களுக்கு நேராகக் கேள்விக்குறி போட்டிருந்தார்.

அந்தக் கேள்விக்குறியை நீக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் குடும்பம் வழக்கமாகப் பல் பார்ப்பது திருவேங்கடம் சாலையில் உள்ள டாக்டர் கோகிலாவிடம். மாப்பிள்ளை அனுப்பிய வினாக்களை எடுத்துக்கொண்டு அவருடைய அறையில் போய் அமர்ந்து, ஒவ்வொன்றாகத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கருவிகளை எப்படிச் சுத்திகரிக்கிறீர்கள், பல் எந்தப் பொருளில் செய்யப்படும், அப்பொருளுக்குச் சான்று உண்டா, எக்ஸ்ரே எடுக்கும்போது கழுத்துக்குக் கவசம் தருவீர்களா. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என்னைச் சற்று நேரம் பார்த்தார்.

"சார், பல்லைக் காட்ட வந்தியளா, இல்ல ஆடிட்டுக்கு வந்தியளா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, என்னை உள்ளே அழைத்துச் சென்று எல்லாவற்றையும் காட்டினார். நீராவியில் கருவிகளை வேகவைக்கும் பெட்டி, நோயாளியின் கண்முன்னேயே பிரிக்கப்படும் உறைகள், மதுரை ஆய்வகத்திலிருந்து பல்லுடன் வரும் சான்று அட்டை, எல்லாமே இருந்தன. எனக்கு நாமும் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டால் என்ன என்று தோன்றும் அளவுக்கு நம்பிக்கை பிறந்தது. கடைசி வினா மட்டும் மீதம் இருந்தது. மாப்பிள்ளை மெல்போர்ன் திரும்பிய பின் ஏதேனும் பழுது ஏற்பட்டால் யார் பொறுப்பு?

அவர் முகத்திலிருந்து சிரிப்புப் போய்விட்டது.

"அதுக்கு மட்டும் என்கிட்ட நல்ல பதில் இல்ல சார். இங்கன இருந்தா நான் பார்த்துக்கிடுவேன். அங்கன உள்ள டாக்டர் அடுத்தவங்க செஞ்ச வேலையில கைவைக்க யோசிப்பாங்க. அதனால, வாரதுன்னா ஒரு மாசம் லீவு போட்டு வரச் சொல்லுங்க. வந்த காலோட திரும்புறதுன்னா வேண்டாம். பல்லுல அவசரம்தான் ஆபத்து."

இதை நான் ஒரு சொல் பிசகாமல் மாப்பிள்ளைக்குத் தெரிவித்தேன். இதனிடையே முத்துமீனாள் தனக்குரிய முறையில் விசாரணை நடத்தினாள். வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாண வீட்டில், புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்யும் எங்கள் உறவினர் ஒருவரை மடக்கி, "நீங்க கோகிலாகிட்டதான பல்லு கட்டினிய, எங்க, வாயத் திறங்க பார்ப்போம்" என்றாள். பந்தியில் அமர்ந்திருந்த அந்த மனிதர் ஜாங்கிரியை இலையில் வைத்துவிட்டு வாயைத் திறந்தார். அவள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து மெல்போர்னுக்கு அனுப்பினாள். கேள்விக்குறி நீங்கியதற்குக் காரணம் என் அறிக்கையா, அந்தப் படமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனந்த்சங்கருக்கு ஒரு மாத விடுப்புக் கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கும் குறைவான விடுப்பில் அவர் மட்டும் வந்தார். டாக்டர் கோகிலா நாட்காட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இருந்தாலும், பற்கள் முன்பே தேய்க்கப்பட்டவை என்பதால் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டார்.

வேலை நேர்த்தியாக நடந்தது. டாக்டர் பழைய துண்டைக் கழற்றி, அடிப்பற்களை மீண்டும் செப்பனிட்டு, அச்சு எடுத்துக்கொண்டார். நிறம் பொருத்திப் பார்ப்பதற்கு விளக்கு வெளிச்சம் ஏமாற்றும் என்று மாப்பிள்ளையை வாசலுக்கே அழைத்து வந்து, வெயிலில் நிறுத்தி, சிறு பல் மாதிரிகளை ஒவ்வொன்றாக உதட்டருகே பிடித்துப் பார்த்தார். அவ்வேளையில் திருவேங்கடம் போகும் நகரப் பேருந்து ஒன்று ஆள் ஏற்றுவதற்காக நின்றது. சன்னலோரம் இருந்தவர்களும் தங்கள் கருத்தைத் தெரிவித்தார்கள். "அதுக்கு முந்தினதுதான் சேந்துச்சு" என்று ஓர் அம்மாள் சொன்னதைத்தான் டாக்டரும் கடைசியில் தேர்ந்தெடுத்தார்.

மதுரையிலிருந்து பற்கள் வந்ததும் டாக்டர் அவற்றைத் தற்காலிகப் பசையால் ஒட்டினார். கடிமானம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை நிரந்தரமாக ஒட்டுவது என்று ஏற்பாடு. சனிக்கிழமை இரவு அவருக்குத் திருவனந்தபுரத்தில் விமானம். முன்பல்லால் கடிக்கக் கூடாது, ஒட்டும் பண்டம் கூடாது, ஒருவேளை கழன்றால் பயப்படாமல் பத்திரமாக எடுத்து வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். மாப்பிள்ளை கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். நான் அவரை அவ்வளவு மலர்ச்சியாகத் திருமணப் புகைப்படத்தில்கூடக் கண்டதில்லை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உடம்பில் எந்த உறுப்புக்கு நோவு வந்தாலும், கோமதி அம்மனை வேண்டிக்கொண்டு, குணமானதும் அந்த உறுப்பின் உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவோம். கண், கை, கால் எல்லாம் சன்னதித் தெருக் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும். முத்துமீனாள் மாப்பிள்ளையின் பல்லுக்காக வேண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் கடையில் பல் இல்லை. கடைக்காரர் முழு முகம் தருவதாகச் சொன்னார். பழுதானது பல், முகத்தைக் கொடுத்தால் அம்மன் எதை என்று பார்ப்பாள் என்பது அவளுடைய வாதம். ஆகவே ஆசாரியிடம் போய், மூன்று பற்கள் சேர்ந்தாற்போல, அசலின் அளவிலேயே, கெட்டி வெள்ளியில் செய்து வாங்கிவிட்டாள். போடுபவர், நோவு கண்டவராகவே இருக்க வேண்டும். அதற்கும் வெள்ளிக்கிழமையே குறிக்கப்பட்டது.

அன்று காலை அவள் கோயிலில் மாவிளக்கு ஏற்றிவிட்டு வந்தாள். பச்சரிசி மாவும் வெல்லமும் ஏலமும் சேர்த்துப் பிசைந்த மாவு. மதியம் சோற்றைக் குழைய வடித்து, காய்களை மசித்து, மாப்பிள்ளைக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். கடைசியில் மாவிளக்கு மாவில் ஓர் உருண்டை வைத்தாள். மாப்பிள்ளை தயங்கினார்.

"ஒட்டுமே அத்தை" என்றார்.

"இதுக்குப் பல்லே வேண்டாம், நாக்குப் போதும். அம்மன் பிரசாதம், வேண்டாம்னு சொல்லக் கூடாது" என்றாள் முத்துமீனாள்.

அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. சற்று நேரத்தில் மென்மையாக ஓர் ஓசை கேட்டது. அவர் வாயிலிருந்து மாவை எடுத்தார். மாவோடு மூன்று பற்களும் வந்தன.

முத்துமீனாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆனால் ஆனந்த்சங்கர் பதறவில்லை. டாக்டர் இதை எதிர்பார்த்தே சொல்லியிருக்கிறார், எப்படியும் மாலையில் கழற்றித்தான் ஒட்டப் போகிறார், வேலை மிச்சம் என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார். முன்பல் இல்லாமல் சொன்னதால் அந்த ஆறுதல் முழுமையாக எங்களை வந்தடையவில்லை. பற்களைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, மெல்போர்னிலிருந்து கொண்டுவந்திருந்த கிருமி நீக்கிய வெள்ளைத் துணித்தாளில் சுற்றினார். அதோடு விட்டிருக்கலாம். ஆசாரி வெள்ளிப் பற்களைச் சுற்றிக் கொடுத்திருந்த ரோஸ் காகிதம் அவர் கண்ணில் பட்டது. அதில் எத்தனை பேர் கை பட்டிருக்குமோ என்று எண்ணி, அதை அப்புறப்படுத்திவிட்டு, வெள்ளியையும் துடைத்து அதே போன்ற வெள்ளைத் தாளில் சுற்றினார். இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் ஐந்து மணிக்குமேல்தான் வருவார் என்பதால், முதலில் கோயில், பிறகு மருத்துவமனை என்று புறப்பட்டோம். வெள்ளிக்கிழமையாதலால் அம்மன் சன்னதியில் நெரிசல். உண்டியலருகே முத்துமீனாள் உத்தரவுகள் பிறப்பித்தாள். மாப்பிள்ளை பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துத் தலையை மூன்று முறை சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போட்டார். வெள்ளி விழுந்தால் ஒரு சத்தம் வருமே, வரவில்லையே என்று எனக்குத் தோன்றியது. நோட்டுகளின்மேல் விழுந்திருக்கும் என்று நானே விடை சொல்லிக்கொண்டேன்.

"இனி அந்தப் பல்லைப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாம்" என்றாள் முத்துமீனாள்.

டாக்டர் கோகிலா எங்களுக்காகவே காத்திருந்தார். பசை, விளக்கு எல்லாம் ஆயத்தம். மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து, பொட்டலத்தை நீட்டினார். டாக்டர் அதைத் தட்டில் வைத்துப் பிரித்தார். பிறகு இடுக்கியால் தூக்கி விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளி பளபளத்தது.

"இது நான் செஞ்சதில்லயே சார்" என்றார்.

ஆனந்த்சங்கர் சட்டைப் பையைத் தொட்டார். இரண்டாம் முறையும் தொட்டார். பின் மெதுவாக எழுந்து அமர்ந்து, முத்துமீனாளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் இன்னும் வெள்ளிப் பற்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கடிமானம் நல்லாத்தான் செஞ்சிருக்காரு ஆசாரி" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

நாங்கள் கோயில் அலுவலகத்துக்கு ஓடினோம். அங்கே பணியிலிருந்த சண்முகையா எனக்கு நெடுநாள் பழக்கம். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார். அதற்கு அவர் பட்ட பாட்டை நான் பாராட்டவே வேண்டும். உண்டியலில் விழுந்த பொருள் அம்மனுக்குரியது, அதிகாரிகள் முன்னிலையில் எண்ணும் நாளன்றி அதைத் திறக்க முடியாது, திறந்தாலும் திருப்பித் தர வழியில்லை என்றார். மனிதன் வாயில் இருக்க வேண்டிய பொருள், அம்மனுக்கு எதற்கு உதவும் என்று மிகப் பணிவுடன் கேட்டுப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, நீங்களே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருந்தவிய. பதிஞ்ச பத்திரத்தை, கை தவறிப் பதிஞ்சுட்டேன்னு ஒருத்தன் வந்து கேட்டா அழிச்சிக் குடுப்பியளா?"

நான் அழித்துக் கொடுத்ததில்லை.

ஆனந்த்சங்கர் வெள்ளிப் பற்களைக் காட்டி, வேண்டிக்கொண்டது இதுதான், இதை வைத்துக்கொண்டு அதைத் தரக் கூடாதா என்று வாயைக் கையால் மறைத்தபடி கேட்டார். சண்முகையா சற்று யோசித்துவிட்டு, "இதையும் போடுறதுன்னா போடுங்க சார். அதை யாரு தடுக்கா?" என்றார்.

அத்தை முகத்தைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை மறுபடியும் சன்னதிக்குப் போனார். இம்முறை உண்டியலருகே தாளைப் பிரித்து, வெளிச்சத்தில் பார்த்து, என்னிடமும் காட்டி ஒப்புதல் பெற்று, அதன் பிறகே போட்டார். வெள்ளி கணீரென்று விழுந்தது.

அன்று டாக்டர் கோகிலா மற்ற நோயாளிகளை அனுப்பிவிட்டு எங்களுக்காக இருந்தார். புதிய பல் மதுரையிலிருந்து வர ஒரு வாரமாகும். செய்து மெல்போர்னுக்கு அனுப்பிவைக்கலாம், ஆனால் பிறர் செய்த பல்லை அங்குள்ளவர் ஒட்டமாட்டார். பயணத்தைத் தள்ளிப்போட்டால் நேர்முகத் தேர்வு போய்விடும். ஆகவே இருந்த அச்சை வைத்துப் பிளாஸ்டிக்கில் தற்காலிகப் பற்கள் செய்து ஒட்டினார். பார்வைக்குக் குறையில்லை. ஆனால் அதில் அவருக்கே திருப்தியில்லை.

"தேர்வு முடியுறவரை தாங்கும். பேசுங்க, ஒண்ணும் ஆகாது. வாய்விட்டுச் சிரிக்கதை மட்டும் கொஞ்சம் யோசிச்சிச் செய்யுங்க" என்று சொல்லி அனுப்பினார். அதற்குக் கட்டணம் வாங்க மறுத்துவிட்டார்.

ஆனந்த்சங்கர் எச்சரிக்கையானவர் என்று முன்பே சொன்னேன். யோசித்துச் செய்யுங்கள் என்றால் செய்யாமலே இருந்துவிடுவார். விமானத்தில் தயிரைத் தவிர எதையும் தொடவில்லை. நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரியான விடை சொல்லியிருக்கிறார். ஆனால் தேர்வுக் குழுவின் தலைவர் நகைச்சுவையாகப் பேசியபோதெல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டு அவரை உற்றுப் பார்த்திருக்கிறார். திறமை மிகுந்தவர், ஆயினும் மனிதர்களோடு கலந்து பழகும் இயல்பு போதாது என்று எழுதி, பதவியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சுபலட்சுமி தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டு, அதோடு இன்னொன்றையும் சொன்னாள்.

"அந்த இன்னொருத்தருக்கு வேலையில ஒண்ணும் பெருசா தெரியாதாம்பா. ஆனா பல்லு வரிசை நல்லா இருக்குமாம்."

பிளாஸ்டிக் பற்கள் இரண்டு மாதத்தில் தேய்ந்தன. மாப்பிள்ளை மெல்போர்னிலேயே, முதலில் சொன்ன தொகைக்கே, புதிய பற்களைக் கட்டிக்கொண்டார். அந்த மருத்துவர் அடிப்பற்களைப் பார்த்து, இவ்வளவு சுத்தமாகத் தயார் செய்தது யார் என்று கேட்டாராம். ஆனந்த்சங்கர் ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறார். மருத்துவரால் அதை உச்சரிக்க முடியவில்லையாம்.

உண்டியல் எண்ணும் நாள் வந்தது. சேவைக்கு வரும் பெண்களோடு முத்துமீனாளும் போய் அமர்ந்தாள். சில்லறையைப் பிரித்துக்கொண்டிருக்கையில், குவியலின் நடுவே வெள்ளைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் வந்தது. பக்கத்திலிருந்த பெண் அதைப் பிரித்துவிட்டு அலறியதில் எண்ணிக்கை நின்றுபோனது. மேற்பார்வையாளர் எழுந்து வந்து, இது என்ன, யாருடையது என்று கேட்டார்.

"பயப்படாதீங்க. அது எங்க மாப்பிள்ளை பல்லு" என்றாள் முத்துமீனாள்.

நகை மதிப்பீட்டாளர் அதைக் கையில் வாங்காமல் ஒரு தட்டில் ஏந்தி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பொன்னில்லை, வெள்ளியில்லை, கல்லுமில்லை. மதிப்பு ஏதுமில்லை என்று சொல்லி ஒதுக்கிவைத்தார். முத்துமீனாளுக்கு அப்போது வந்த கோபம் பதவி போன அன்றுகூட வரவில்லை. மதிப்பில்லையா, ஆஸ்திரேலியாவில் அது என்ன விலை தெரியுமா என்று அவள் கேட்டதை, மறுநாள் கடைத்தெருவில் என்னிடமே இருவர் நடித்துக் காட்டினார்கள்.

நான் இச்செய்தியை டாக்டர் கோகிலாவிடம் தெரிவிக்கச் சென்றேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அத்தனை காசு மேல விழுந்திருக்குமே சார். உடைஞ்சிருந்துச்சா?"

கீறல்கூட விழவில்லை என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்தவரை உள்ளே வரச் சொன்னார்.

இந்நிகழ்ச்சியில் இழக்கப்பட்டவை வருமாறு. செயற்கைப் பற்கள் மூன்று, ஒரே துண்டு. வெள்ளிப் பற்கள் மூன்று. அதுவும் ஒரே துண்டு. போகவர விமானச் செலவு. மெல்போர்ன் மருத்துவரின் முழுக் கட்டணம். மாப்பிள்ளைக்கு வந்திருக்க வேண்டிய பதவி ஒன்று. எங்கள் வீட்டில் மாப்பிள்ளை மாவிளக்கு மாவு உண்ணும் வழக்கம்.